மெத்தடோனா, பியூப்ரநார்ஃபினா, இல்ல டாக்டர் கையாலயே ஹெராயினா?

போன மாசம் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க போன் பண்ணாங்க, எடுத்ததும் அழுகை, "டேய், மருந்தெல்லாம் கேக்கலன்னா ஹெராயின் ஊசியே போடற கிளினிக் இருக்கு, அதுக்கு எழுதித் தரேன்ங்கறார்டா டாக்டர், குடிகாரனுக்கு டாக்டரே பாட்டில் வாங்கிக் குடுக்கற கதையா இருக்கே"ன்னு. அவங்க தம்பிக்கு 38 வயசு. பதினாறு வருஷமா பவுடர், மூணு தடவை டீ-அடிக்‌ஷன் சென்டர், அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா மெத்தடோன் (ஹெராயினுக்குப் பதிலா டாக்டர் குடுக்கற மாற்று மருந்து), ஆனாலும் வாரத்துல நாலு நாள் வெளிச்சரக்கு. நான் டாக்டர் இல்ல, ஆனா மெத்தடோன் ஊத்திக் குடுக்கற மருந்துக் கவுன்ட்டர்ல வருஷக்கணக்கா நின்னவன், அதனால என்கிட்ட கேட்டாங்க. ஒரு மணி நேரம் பேசினோம். அதையே இங்க கொஞ்சம் விரிச்சு எழுதறேன், ஏன்னா இந்தக் கேள்வியோட இன்னும் எத்தனையோ வீடு இருக்கும், வெளிய சொல்லிக்கத்தான் மாட்டாங்க.

முதல்ல ஒண்ணு. வீட்டுல எல்லாரும் மனசுக்குள்ள வெச்சிருக்கற கேள்வி "நிறுத்தறதா, தொடர்றதா". டாக்டர் முன்னாடி இருக்கற கேள்வி அது இல்ல. பல வருஷம் ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் மாதிரி அபின் வகை மருந்து) எடுத்த மூளை அது இல்லாம ஓடாத மாதிரி மாறிடுது, அவன் அப்போ கிக்குக்காக எடுக்கறது இல்ல, காலைல எழுந்து நடமாடணும்னு எடுக்கறான், எடுக்கலன்னா மூக்கு ஒழுகி, வயித்தால போயி, எலும்புக்குள்ள யாரோ குடையற மாதிரி வலி, ராத்திரி முழுக்க கால் உதறல். அதனால ஒவ்வொரு வழியையும் எடை போடறப்போ நான் பார்க்கறது ரெண்டே விஷயம்: அடுத்த வருஷம் இந்த ஆள் உயிரோட இருப்பானா, நாளைக்கும் திரும்ப வந்து கதவைத் தட்டுவானா. வேலை, கல்யாணம், மருந்தைக் குறைச்சு நிறுத்தறது எல்லாம் அதுக்கப்புறம்.

அந்தக் கணக்குல முதல்ல அடிபடறது எல்லா அம்மா அப்பாவுக்கும் பிடிச்ச வழி, அதாவது கொண்டுபோய் அடைச்சு வெச்சு உடம்பைச் சுத்தம் பண்ணிக் கூட்டிட்டு வர்றது. சுத்தம் ஆகத்தான் செய்யும். பிரச்சனை வெளிய வந்த அன்னைக்கு. ஓபியாய்டுக்கு உடம்பு பழகறது எவ்வளவு வேகமோ அந்தப் பழக்கம் விட்டுப்போறதும் அவ்வளவு வேகம், ரெண்டு மூணு வாரம் சும்மா இருந்தவன் ஒருநாள் மனசு உடைஞ்சு பழைய அளவையே எடுத்தா மூச்சு நின்னுடும். இதுக்கு பயங்கரமான ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல ஜெயில்லேர்ந்து வெளிய வந்தவங்களை வெச்சு 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு, வெளிய வந்த முதல் ரெண்டு வாரத்துல ஓவர்டோஸ்ல சாகற வாய்ப்பு சாதாரண ஜனங்களைவிட 129 மடங்கு. ஜெயிலும் டீ-அடிக்‌ஷன் சென்டரும் ஒண்ணு இல்லதான், ஆனா உடம்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, கொஞ்ச நாள் கிடைக்கல, பழக்கம் போச்சு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். பின்னாடி எந்த மருந்தும் இல்லாம வெறும் டீடாக்ஸ் மட்டும்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன், மூணு தடவை ஆகியும் திரும்பினவனை நாலாவதா அனுப்பறதுல இன்னும் அர்த்தம் இல்ல. கர்ப்பமா இருக்கற பொண்ணுன்னா யோசிக்கவே கூடாது, அவங்களுக்கு மெத்தடோன், இல்லன்னா பியூப்ரநார்ஃபின்ங்கற இன்னொரு மாற்று மருந்து, இதுதான் எல்லா வழிகாட்டுதல்லயும் சொல்றது.

நால்ட்ரெக்சோன்னு மாசம் ஒரு ஊசி இருக்கு, 380 மில்லிகிராம், இடுப்புல போடறது. இது போதையே இல்லாத மருந்து, ரிசப்டரை, அதாவது மூளைல ஓபியாய்டு போய் ஒட்டற இடத்தை, அடைச்சுக்கும், மேல எது எடுத்தாலும் ஏறாது. கேக்க சூப்பரா இருக்கும், சொந்தக்காரங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா போடறதுக்கு முன்னாடி ஏழுலேர்ந்து பத்து நாள் எதுவுமே எடுக்காம இருக்கணும், அந்தப் பத்து நாளைத் தாண்ட முடிஞ்சா அவன் ஏன் டாக்டர்கிட்ட வரப்போறான். 2017ல லான்செட்ல வந்த அமெரிக்க ஆய்வுல இதையும் பியூப்ரநார்ஃபினையும் நேருக்கு நேர் வெச்சுப் பார்த்தாங்க, பியூப்ரநார்ஃபின் பக்கம் போனவங்கள்ல 94 சதவீதம் பேர் மருந்தை ஆரம்பிச்சுட்டாங்க, நால்ட்ரெக்சோன் பக்கம் 72 சதவீதம்தான். ஆரம்பிச்சவங்களை மட்டும் எடுத்துக்கிட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுபோலதான் வேலை செஞ்சுது. ஏற்கனவே சுத்தமாகிட்ட ஆள், வேலை காரணமா எந்த ஓபியாய்டும் உடம்புல இருக்கக்கூடாதுங்கற ஆள், அவங்களுக்குச் சரி. பதினாறு வருஷத் தம்பிக்கு இது இல்ல.

இப்போ மெத்தடோன். 1964ல நியூயார்க்ல வின்சென்ட் டோல், மேரி நைஸ்வான்டர்னு ரெண்டு டாக்டர்ங்க ஆரம்பிச்சு 1965ல எழுதினது, இன்னைக்கு வரைக்கும் இதைவிட அதிகமா சோதிச்சுப் பார்த்த சிகிச்சை இந்தத் துறைல இல்ல. 2005லேர்ந்து உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல மெத்தடோனும் பியூப்ரநார்ஃபினும் ரெண்டுமே இருக்கு. சூட்சுமம் ரொம்பச் சின்னது: ஹெராயின் ஏறி இறங்கற வேகம் இருக்கே, அதுதான் ஆளைக் கொல்றது, மெத்தடோன் வாய் வழியா மெதுவா ஏறும், ஒரு நாளுக்கும் மேல நிக்கும், ஏத்தமும் இல்ல இறக்கமும் இல்ல, மனுஷன் அடுத்த டோஸைத் துரத்தாம ஒரு முழு நாளை வாழலாம்.

கவுன்ட்டர்ல இது எப்படி நடக்கும்னா, பேர், பிறந்த தேதி கேட்டுட்டு பச்சைக் கலர் சிரப்பை அளந்து சின்ன கப்புல ஊத்தித் தருவோம், நம்ம முன்னாடியே குடிக்கணும், அதே கப்புல தண்ணி ஊத்தி அதையும் குடிக்கணும், அப்புறம் "எப்படிண்ணே இருக்கீங்க, ராத்திரி தூக்கம் வந்துச்சா"ன்னு கேப்போம். அக்கறையில கேக்கறதுதான், ஆனா அதுல ஒரு வேலையும் இருக்கு, வாயைத் திறந்து பதில் சொன்னா மருந்து உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், வாயிலயே வெச்சுக்கிட்டுப் போய் வெளிய துப்பி விக்கறவங்களும் உண்டு. பியூப்ரநார்ஃபினுக்கு இதுக்கு நேர் எதிர். மாத்திரை நாக்குக்கு அடியில கரையணும், அஞ்சு பத்து நிமிஷம் ஆகும், அதுவரை பேசாதீங்க, எச்சில் முழுங்காதீங்க, கையை வாய்கிட்ட கொண்டு போகாதீங்க, கடைசில நாக்கைத் தூக்கிக் காட்டுங்க. அதனால ஒரே பெஞ்சுல பாதிப் பேர் பேசிக்கிட்டும் பாதிப் பேர் மௌனவிரதமும் இருப்பாங்க, புதுசா வேலைக்குச் சேர்ற பசங்களுக்கு ஒரு வாரம் சிரிப்பா இருக்கும்.

மெத்தடோன்ல பயப்பட வேண்டியது ஆரம்பம். உடம்புல மெதுவா சேர்ந்துக்கிட்டே போகும், இன்னைக்குக் குடிச்சதோட முழு பலம் நாலஞ்சு நாள் கழிச்சுதான் தெரியும், அதனாலதான் முதல் நாள் 30 மில்லிகிராமுக்குள்ள ஆரம்பிச்சு ஆமை மாதிரி ஏத்துவாங்க, நடுவுல "பத்தல பத்தல"ன்னு வெளிச்சரக்கு, தூக்க மாத்திரை, சாராயம் எதையாவது சேர்த்தா அங்கதான் விபத்து. ஆனா நின்னு பிடிச்சுட்டா பலன் பெருசு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2017ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்ட கணக்குப்படி, மெத்தடோன் விட்டுட்டு வெளிய இருக்கறப்போ வருஷத்துக்கு ஆயிரம் பேர்ல 36 பேர் சாகறாங்க, மருந்துல இருக்கறப்போ 11 பேர். பியூப்ரநார்ஃபினுக்கு அதே கணக்கு 9.5, 4.3. (இந்த ரெண்டு மருந்தையும் பக்கத்துல வெச்சு எது உசத்தின்னு சண்டை போட இந்த நம்பரை எடுத்துக்காதீங்க, மெத்தடோனுக்கு வர்ற ஆளுங்க பொதுவா இன்னும் மோசமான நிலைல வர்றவங்க.) இன்னொண்ணும் அதுல இருக்கு, மெத்தடோனோட முதல் நாலு வாரமும், எந்த மருந்தா இருந்தாலும் விட்ட பிறகு வர்ற நாலு வாரமும்தான் ஆபத்தான காலம். தொல்லைகள்னு பார்த்தா மலச்சிக்கல், வேர்வை, ஆசை குறையறது, வாய் வறண்டு பல் போறது, இதயத் துடிப்புல க்யூடிங்கற இடைவெளி நீள்றதால அதிக டோஸ் ஆளுங்களுக்கு ஈசிஜி. அதெல்லாத்தையும் விட ஆளுங்க என்கிட்ட அதிகமா புலம்பினது தினமும் வந்து வரிசைல நிக்கற அவமானத்தைப் பத்தி.

பியூப்ரநார்ஃபின் ரிசப்டரைக் கெட்டியா பிடிச்சுக்கும் ஆனா பாதிதான் தூண்டும், ஒரு அளவுக்கு மேல எவ்வளவு எடுத்தாலும் மூச்சை அடக்கற வேலை அதிகமா ஏறாது, அதனால தனியா எடுத்தா ஓவர்டோஸ் அபாயம் ரொம்பக் கம்மி. அந்த தைரியத்துலதான் 1995லேர்ந்து பிரான்ஸ்ல சாதாரண குடும்ப டாக்டர்ங்களே எழுதிக் குடுக்க விட்டாங்க, அடுத்த நாலு வருஷத்துல அங்க ஓவர்டோஸ் சாவு கிட்டத்தட்ட 80 சதவீதம் குறைஞ்சுது. வாரத்துக்கோ மாசத்துக்கோ ஒரு ஊசியாவும் இப்போ வருது, வேலைக்குப் போற ஆளுக்கு அது வரம், வரிசையே இல்ல, வீட்டுல மாத்திரையைப் பூட்டி வைக்கற கவலையும் இல்ல. இதோட வில்லங்கம் ஆரம்பத்துல: உடம்புல வேற ஓபியாய்டு இருக்கறப்போ இதைப் போட்டா அதையெல்லாம் பிடிச்சுத் தள்ளிட்டு இது உட்காரும், அரைமணி நேரத்துல ஆள் துடிச்சுடுவான், அந்த அனுபவம் ஒரு தடவை ஆச்சுன்னா "அந்த மருந்தா, ஐயோ வேண்டாம்"னு வாழ்நாளுக்கும் சொல்வான். அதனால வித்ட்ராயல், அதாவது சரக்கு இல்லாம வர்ற அந்த அவஸ்தை, நல்லா ஆரம்பிக்கற வரை காத்திருக்கணும். ஃபென்டனில் (ஹெராயினைவிட ரொம்ப வீரியமான செயற்கை ஓபியாய்டு) கலந்த சரக்கு எடுக்கறவங்களுக்கு இந்தக் காத்திருப்புக் கணக்கே குழம்பிடும், அது கொழுப்புல போய்த் தங்கி மெதுவா வெளிய வரும். சுவிட்சர்லாந்தோட பெர்ன் நகரத்துல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, துளித்துளியா ஆரம்பிச்சு பழைய ஓபியாய்டை நிறுத்தாமலே ஏத்திக்கிட்டு வர்றது, இப்போ பல ஊர்ல அப்படித்தான் பண்றாங்க.

ரெண்டுல எதுன்னு கேட்டா, புதுசா சிகிச்சைக்கு வர்றவனுக்கு பியூப்ரநார்ஃபின் முதல்ல, அதுல நிக்கலன்னா மெத்தடோன், இதான் என் பழக்கமான பதில். பியூப்ரநார்ஃபின் பாதுகாப்பு, மெத்தடோன் ஆளைப் பிடிச்சு வைக்கும், சிகிச்சையை விட்டு ஓடறவங்க மெத்தடோன்ல கம்மி. மெத்தடோன் வேர்வையும் மந்தமும் தாங்காதவங்களுக்கு மெதுவா கரையற மார்ஃபின் கேப்ஸ்யூலும் சில நாடுகள்ல குடுக்கறாங்க, ஆஸ்திரியால அது ரொம்ப சாதாரணம்.

சரி, அக்கா அழுததுக்குக் காரணமான விஷயத்துக்கு வரேன்.

டாக்டர் ஹெராயின் குடுக்கறதுங்கறது யாரோ நேத்து யோசிச்ச பைத்தியக்காரத்தனம் இல்ல. ஹெராயினே 1898ல பேயர் கம்பெனி இருமல் மருந்துன்னு கடைல வித்த சாமான்தான், இங்கிலாந்துல இன்னைக்கும் டயமார்ஃபின்ங்கற பேர்ல கடுமையான வலிக்குக் குடுக்கறாங்க. அடிமையானவங்களுக்கு டாக்டர் எழுதித் தரலாம்னு அங்க ரோல்ஸ்டன் கமிட்டி 1926லயே சொல்லிடுச்சு. ஆனா இப்போ இருக்கற மாதிரி, கிளினிக்குக்குள்ள, நர்ஸ் கண்ணு முன்னாடி, வெளிய எடுத்துட்டுப் போகாம, இந்த முறை வந்தது சுவிட்சர்லாந்துல. ஜூரிக் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி பிளாட்ஸ்பிட்ஸ்னு ஒரு பார்க், அதுல பட்டப்பகல்ல நூத்துக்கணக்கான பேர் ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க, 1992ல பூட்டினாங்க, கூட்டம் பக்கத்துலயே பழைய ரயில்வே ஸ்டேஷன் ஒண்ணுக்கு நகர்ந்துச்சு, அவ்வளவுதான். போலீஸால முடியலன்னு தெரிஞ்ச பிறகு 1994ல சோதனையா ஹெராயின் கிளினிக் ஆரம்பிச்சாங்க. 2008 நவம்பர்ல நாட்டு மக்கள்கிட்டயே ஓட்டுக்கு விட்டாங்க, 68 சதவீதம் பேர் இருக்கட்டும்னு ஓட்டுப் போட்டாங்க. கட்டுப்பெட்டியான ஊர்க்காரங்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது, ஏன்னா அந்தப் பதினாலு வருஷத்துல தெருவுல வித்தியாசத்தை அவங்களே பார்த்துட்டாங்க.

அப்படி ஒரு கிளினிக்ல நான் ஒரு அரைநாள் உட்கார்ந்து பார்த்திருக்கேன். நான் நினைச்சுட்டுப் போனது ஒண்ணு, பார்த்தது பல் டாக்டர் வெயிட்டிங் ரூம் மாதிரி ஒண்ணு. காலைல கதவு திறந்ததும் ஒவ்வொருத்தரா வர்றாங்க, முதல்ல ஒரு குழாய்ல ஊதணும், சாராய வாடை இருந்தா அன்னைக்கு டோஸ் குறையும் இல்ல கிடையாது, அப்புறம் நர்ஸ் கண்ணைப் பார்க்கறாங்க, நாலு வார்த்தை பேசறாங்க, ஏற்கனவே மந்தமா இருந்தா காத்திருக்கச் சொல்றாங்க. பேர் ஒட்டின சிரிஞ்சு ஜன்னல் வழியா வருது. ஸ்டீல் மேஜை, நல்ல வெளிச்சம், மேஜை மேல சின்ன கண்ணாடி. ஒரு அம்பது வயசுக்காரர் கையில நரம்பே கிடைக்கல, இருபது நிமிஷம் தேடிட்டு கடைசில நர்ஸ்கிட்ட "தொடையில தசையிலயே போட்டுக்கறேன்"னார். போட்ட பிறகு அரைமணி நேரம் பக்கத்து ரூம்ல உட்காரணும். உட்கார்ந்து பேப்பர் படிச்சார், குறுக்கெழுத்துல ஒரு வார்த்தை மாட்டிக்கிச்சு, என்கிட்ட கேட்டார், எனக்கும் தெரியல. கிளம்பறப்போ நர்ஸ் "சாயங்காலம் பார்ப்போம்"னாங்க. அதுதான் அந்த சிகிச்சையோட நல்லதும் கெட்டதும், சாயங்காலம் திரும்ப வரணும்.

ஏன்னா ஹெராயின் உடம்புக்குள்ள சில நிமிஷத்துலயே உடைஞ்சு மார்ஃபினா மாறிடும், மொத்த பலமும் நாலஞ்சு மணி நேரம். அதனால ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, சில பேருக்கு மூணு, ராத்திரிக்குத் தாங்க வாய் வழியா மெத்தடோன். வாரத்துல ஏழு நாளும். தீபாவளியும் கிடையாது கிறிஸ்துமஸும் கிடையாது. சுவிட்சர்லாந்துல நிலையா இருக்கறவங்களுக்கு மாத்திரை வடிவுலயும் இருக்கு, சில நாள் வீட்டுக்கும் தர்றாங்க, நெதர்லாந்துல புகையா இழுக்கறவங்களுக்குத் தனியா வெச்சிருக்காங்க, ஆனா பெரும்பாலான இடத்துல ஊசிதான், உள்ளயேதான்.

பலன் என்னன்னு பார்த்தா நிஜமாவே கண்ணை விரிய வைக்கும். இங்கிலாந்துல மெத்தடோன் குடிச்சுக்கிட்டே தெரு ஹெராயினும் ஊசி போட்டுக்கிட்டிருந்த 127 பேரை மூணாப் பிரிச்சாங்க, 2010ல முடிவு வந்துச்சு: யூரின் டெஸ்ட்ல பாதிக்கு மேல சுத்தமா வந்தவங்க கிளினிக் ஹெராயின் குரூப்ல 72 சதவீதம், ஊசி மெத்தடோன்ல 39, நல்லா சீர்பண்ணின வாய்வழி மெத்தடோன்ல 27. கனடால வான்கூவர், மான்ட்ரியால் ரெண்டு ஊர்ல நடத்தினது 2009ல வந்துச்சு, ஒரு வருஷம் கழிச்சும் சிகிச்சைல இருந்தவங்க ஹெராயின் பக்கம் 88 சதவீதம், மெத்தடோன் பக்கம் 54. நான் ஆரம்பத்துல சொன்ன ரெண்டாவது கேள்வி ஞாபகம் இருக்கா, நாளைக்கும் வந்து கதவைத் தட்டுவானான்னு, அதுக்கு இதைவிட நல்ல பதில் வேற மருந்துல இல்ல.

அதே கனடா ஆய்வுல ஒரு கிளைக்கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 25 பேருக்கு ஹெராயின்னு சொல்லாம, அது இல்லன்னும் சொல்லாம, ஹைட்ரோமார்ஃபோன்ங்கற வலி ஊசியைக் குடுத்தாங்க, ஆஸ்பத்திரில சாதாரணமா இருக்கற மருந்து. வருஷக்கணக்கா ஹெராயின் போட்ட ஆளுங்களாலயே எது எதுன்னு சரியா கண்டுபிடிக்க முடியல. அதை வெச்சு அடுத்ததா 202 பேருக்கு தனியா ஒரு ஆய்வு பண்ணி 2016ல போட்டாங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வேலை செய்யுது. ஹெராயின்ங்கற பேரே சட்டத்துல நுழைய முடியாத நாடுகளுக்கு இது ஒரு பின்வாசல்.

இப்போ கெட்டதைச் சொல்லணும், இதை மறைச்சுட்டு எழுதறவங்களை எனக்குப் பிடிக்காது. அதே 2009 ஆய்வுல ஊசி ஹெராயினால பத்துப் பேருக்கு ஓவர்டோஸ் ஆச்சு, ஆறு பேருக்கு வலிப்பு. கிளினிக்குக்குள்ள, நர்ஸ் பக்கத்துலயே இருந்ததால பொழைச்சாங்க, அதுக்குத்தான் அந்த அரைமணி நேரம் உட்கார வைக்கறது. அப்புறம் நெதர்லாந்து கதை. அங்க ஒரு வருஷம் குடுத்துட்டு நிறுத்திப் பார்த்தாங்க, நல்லா தேறினவங்கள்ல 82 சதவீதம் பேர் ரெண்டு மாசத்துக்குள்ள பழைய நிலைமைக்குச் சரிஞ்சுட்டாங்க. ஆக இதுல சேர்றப்போ "ஒரு வருஷம் போட்டுட்டு விட்டுடுவான்"னு கணக்குப் போடாதீங்க, வருஷக்கணக்கு, சில பேருக்கு ஆயுசுக்கும். அரசாங்கம் காசை நிறுத்தினா என்ன ஆகும்ங்கறதும் நிஜமான பயம்தான், இங்கிலாந்துல மிடில்ஸ்பரோங்கற ஊர்ல 2019ல ஆரம்பிச்ச கிளினிக் 2022ல நிதி இல்லன்னு மூடியாச்சு. மருந்தோட விலையைவிட நர்ஸ், பாதுகாப்பு, ஏழு நாளும் திறந்து வைக்கற செலவுதான் பெருசு, மெத்தடோனைவிட பல மடங்கு. திருட்டு, கோர்ட், ஜெயில் செலவு குறையறதைச் சேர்த்துப் பார்த்தா நாட்டுக்கு லாபம்னு சுவிஸ், டச்சுக் கணக்கெல்லாம் சொல்லுது, ஆனா அந்த லாபம் வேற டிபார்ட்மென்ட் கணக்குல போகுது, செலவு சுகாதார டிபார்ட்மென்ட் தலைல.

கிளினிக்லயே போடறதையும் வீட்டுக்கு எழுதிக் குடுக்கறதையும் ஜனங்க போட்டுக் குழப்பறாங்க, ரெண்டும் வேற. கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியால 2020ல கோவிட் நேரத்துல ஹைட்ரோமார்ஃபோன் மாத்திரையை வீட்டுக்கே குடுக்க ஆரம்பிச்சாங்க, தெருவுல ஃபென்டனில் விஷமாகிட்டதால. அதனால உயிர் தப்பினவங்க இருக்காங்கன்னு ஆய்வும் வந்துச்சு, அந்த மாத்திரை கைமாறி வெளிய விக்கப்பட்டதும் நடந்துச்சு, கடைசில 2025ல மறுபடியும் கண்ணு முன்னாடிதான் எடுக்கணும்னு மாத்திட்டாங்க. என் மனசு இதுல ரெண்டு பக்கமும் இழுக்குது. வீட்டுல குழந்தை இருக்கற இடத்துல அந்தப் பாட்டில் இருக்கக்கூடாதுன்னும் தோணுது, ரெண்டு பஸ் மாறி தினம் மூணு தடவை வா நீன்னு சொல்றது சிகிச்சையா தண்டனையான்னும் தோணுது.

"விஷத்தையே மருந்துன்னு குடுக்கறாங்க"ங்கற அக்காவோட வாதத்துக்கு நான் சொன்னது இதான். தெருவுல வாங்கறதுல விஷம் பெரும்பாலும் ஹெராயின் இல்லக்கா, எவ்வளவு இருக்குன்னு தெரியாதது, என்ன கலந்திருக்குன்னு தெரியாதது, ஒருத்தன் போட்ட ஊசியை இன்னொருத்தன் போடறது, அதுக்குக் காசு தேடற பதினாறு மணி நேரம். கிளினிக்ல இந்த நாலும் இல்ல. அப்புறம் இதைப் பார்த்து வேற யாரும் கெட்டுப்போவாங்களான்னு பயந்தா, ஜூரிக்ல 1990ல ஒரு வருஷத்துக்கு 850 பேர் புதுசா ஹெராயின் பக்கம் போனாங்கன்னு கணக்கு, 2002ல அது 150. வயசானவங்க வரிசைல நின்னு நர்ஸ்கிட்ட வாங்கிக்கற மருந்து சின்னப் பசங்களுக்கு ஸ்டைலா தெரியறதில்ல.

ஆனா இது எல்லாருக்கும் இல்ல, இருக்கவும் கூடாது. சுவிட்சர்லாந்துலயே மாற்று மருந்து எடுக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பத்துல ஒருத்தர்தான் ஹெராயின்ல இருக்காங்க. 18 வயசு ஆகியிருக்கணும், குறைஞ்சது ரெண்டு வருஷம் கடுமையான அடிமைத்தனம், வேற சிகிச்சை ரெண்டு தடவையாவது பண்ணிப் பலிக்காம போயிருக்கணும். ஜெர்மனி 2009ல சட்டம் போட்டப்போ இன்னும் இறுக்கம், 23 வயசு, அஞ்சு வருஷம். வேலைக்குப் போற ஆளுக்கு இது வேலையைக் கெடுக்கும். கொக்கெயின், தூக்க மாத்திரை, சாராயம்தான் முக்கியப் பிரச்சனைன்னா ஹெராயின் கிளினிக் அதைத் தீர்க்காது. மெத்தடோன்ல ஓரளவு நிக்கறவனை "இது இன்னும் நல்லா இருக்குமே"ன்னு இங்க தள்றதும் தப்பு.

அதனால அக்காகிட்ட நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: "தம்பி மெத்தடோன் எவ்வளவு குடிக்கறான்?" அவங்களுக்குத் தெரியல. ரெண்டு வருஷமா கூடவே இருக்கற அக்காவுக்கே தெரியல, இதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல, யாரும் சொல்லமாட்டாங்க. மெத்தடோன் பலிக்கலன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு அது பலிக்காம இல்ல, பத்தாம இருந்திருக்கு, இது நான் கவுன்ட்டர்ல நின்னு பார்த்தது, ஆய்வு இல்ல. பொதுவா ஆள் நிலைச்சு நிக்க 60லேர்ந்து 120 மில்லிகிராம் வேணும், 30, 40லயே நிறுத்தி வெச்சா சாயங்காலம் வித்ட்ராயல் வரும், வந்தா வெளிய போவான், போனா யூரின் டெஸ்ட்ல மாட்டுவான், மாட்டினா "உனக்கு இதுல அக்கறை இல்ல"ன்னு டோஸை இன்னும் குறைக்கற இடங்களும் இருக்கு. ஜுரம் இறங்கலன்னு பாராசிட்டமாலைப் பிடுங்கற மாதிரி.

கூடவே டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னது: சாயங்காலம் நடுக்கம் வருதுன்னா டோஸை ரெண்டாப் பிரிக்க முடியுமா, மூணு நாள் தொடர்ந்து வரலன்னா திரும்ப எவ்வளவுல ஆரம்பிப்பீங்க (பழைய அளவையே குடுக்கக்கூடாது, அங்கதான் சாவு நடக்குது), தூக்க மாத்திரை வேற யாராவது எழுதறாங்களா, ஹெராயின் கிளினிக்னா வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம், லீவு நாள்ல யார் கூட்டிட்டுப் போறது, கிளினிக் மூடிட்டா அடுத்த வழி என்ன. எந்த வழி எடுத்தாலும் வீட்டுல ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கற நாலாக்சோன் ஸ்ப்ரே ஒண்ணு. மூச்சு நின்னா மூக்குல அடிச்சுட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடணும், எழுந்துட்டான்னு விட்டுடக்கூடாது, ஸ்ப்ரேயோட பலம் அரைமணி நேரத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இறங்கிடும், மெத்தடோன் அதுக்கப்புறமும் உள்ள இருக்கும்.

பத்து நாள் கழிச்சு அக்கா கூப்பிட்டாங்க. 40 மில்லிகிராமாம். ரெண்டு வருஷமா 40. டாக்டர் மாறிட்டே இருந்திருக்காங்க, யாரும் ஏத்தல, தம்பியும் கேக்கல, கேட்டா போதைக்காகக் கேக்கறான்னு நினைப்பாங்கன்னு. இப்போ வாரத்துக்குக் கொஞ்சமா ஏத்திட்டு வர்றாங்க, நேத்து 75. ஈசிஜி நார்மல். வெளிச்சரக்கு நாலு நாள் ஒரு நாளா ஆகியிருக்கு, முழுசா நிக்கல. ஹெராயின் கிளினிக் பாரம் நிரப்பி அலமாரில இருக்கு, மூணு மாசம் பார்த்துட்டு, நிக்கலன்னா குடுத்துடலாம்னு பேசி வெச்சிருக்காங்க, நானும் சரின்னேன். நாலாக்சோன் எங்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். "சாமி படத்துக்குக் கீழடா, அங்கதான் எல்லார் கையும் எட்டும்"னாங்க.